பம்ப் செத்ததற்கு என் கையைக் குறை சொன்ன மகளுக்கு

கேனி ஓடைப் பள்ளம், கென்டக்கி
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்து

அன்பு மகள் ரொவீனாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. அலாஸ்காவின் அந்தப் பனியில் நீயும் மாப்பிள்ளையும் கை கால் விறைக்காமல் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே உன் தம்பி ரான்டலும் அவன் மனைவி மார்லாவும் சுகம், கோழிகள் சுகம், நாய்க்குக் காதில் புண், ஆறிக்கொண்டிருக்கிறது. என் சுகத்தைப் பற்றி மட்டும் உனக்கு வேறு விதமாகச் செய்தி வந்திருக்கும், அதைத் திருத்தத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இது முன்பெல்லாம் எனக்காக எழுதிய உன் அம்மாவின் கையெழுத்தும் இல்லை, ரான்டலின் கையெழுத்தும் இல்லை என்று உறையைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். நான்தான் எழுதுகிறேன், நானே. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது, அவ்வளவு சந்தோஷம். ஆனால் சிரிப்பை அடக்கிக்கொள்கிறேன், ஏனென்றால் நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன், அது உனக்கு நன்றாகத் தெரிய வேண்டும்.

அன்றைக்கு நீ போனில் பேசியபோது நான் இதே மேசையில் பீன்ஸும் சோளரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உன் தம்பி போனைக் கையில் பிடிக்காமல் உப்பு டப்பாவில் சாய்த்து வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். அப்பாகிட்டேருந்து சாவிய வாங்கி வெச்சுடுடா, அவருக்குக் கை தளர்ந்துபோச்சு, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதே என்றாய். சொல்லவே வேண்டியதில்லை, வீடு முழுக்கக் கேட்டது, நாய்க்குக் கூடக் கேட்டது. ரான்டலின் முகம் பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது. அவன் உன்னிடம் சரிக்கா சரிக்கா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் ஆணியிலிருந்து சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். என் கையைப் பற்றிப் பேசினீர்கள், என் வண்டியைப் பற்றிப் பேசினீர்கள், அந்தக் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பவர் ஸ்டீயரிங் என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில் மரம் அறுக்கும் ஆலைக்குக் கட்டை லாரி ஓட்டிய கை இது. அந்த லாரியை மலை வளைவில் திருப்பினால் மறுநாள் தோளில் சட்டை மாட்ட முடியாது. அந்தக் கையைத்தான் நீ ஆங்கரேஜில் உட்கார்ந்துகொண்டு தளர்ந்துபோச்சு என்றாய்.

நடந்ததை இப்போது நான் சொல்கிறேன், ரான்டல் சொன்னதை மறந்துவிடு. அன்று வியாழக்கிழமை. டவுன் நூலகத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பு முடிந்து வந்துகொண்டிருந்தேன். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஓடைப் பாலத்துக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும், உனக்கே தெரியும், அங்கே யாராக இருந்தாலும் வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். பிரேக்கை மிதித்தேன், என்ஜின் தணிந்தது, பாதித் திருப்பத்தில் ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. கல் என்றால் கல். வண்டி நேராக உருண்டு சர்ச்சின் அறிவிப்புப் பலகையில் போய் முட்டி நின்றது. நடக்கிற வேகம்தான், எனக்கு ஒரு கீறல் இல்லை. பலகை விழுந்து அதில் செருகியிருந்த எழுத்துக்கள் எல்லாம் புல்லில் சிதறிவிட்டன. ஞாயிறு விருந்துக்கு எல்லாரும் வாருங்கள் என்று எழுதியிருந்தது. நான் ஓடிப்போகவில்லை. பலகையை நிமிர்த்தி எழுத்துக்களைப் பொறுக்கி நானே திரும்ப அடுக்கினேன், ஒன்றைத் தலைகீழாக வைத்துவிட்டேன் என்று போதகர் அப்புறம் சொன்னார், ஆனால் விருந்துக்கு எல்லாரும் வந்தார்கள். அங்கே உன் டாயில் மாமா எல்லார் முன்னாலும், என்ன மச்சான், எழுத்து படிக்கப் போறேன்னீங்க, எழுத்து மேலேயே வண்டிய ஏத்திட்டீங்களே என்றான். போதகர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். உன் அம்மா இருந்திருந்தால் தன் தம்பியைக் கரண்டியால் அடித்திருப்பாள்.

சாவி போனதோடு வகுப்பும் போயிற்று. நான் கூட்டிட்டுப் போறேம்பா என்றான் ரான்டல். சாலை போடும் வேலையில் இருப்பவன் எப்போது வீட்டில் இருக்கிறான். செவ்வாய் போயிற்று, வியாழன் போயிற்று, மறுபடி செவ்வாய் போயிற்று. நேப்பியர் டீச்சர் போன் செய்து உடம்பு சரியில்லையா ஸ்லோன் ஐயா என்று கேட்டாள். என் சாவியைப் பிள்ளைகள் பிடுங்கிக்கொண்டார்கள் என்று ஒரு டீச்சரிடம் எப்படிச் சொல்வது. ஆமாம், சளி என்று சொன்னேன். நீ என்னைப் பொய் சொல்லவும் வைத்துவிட்டாய்.

கோபத்தில் ஒரு நாள் வண்டியின் பானெட்டைத் திறந்தேன். சாவி இல்லாவிட்டாலும் பானெட் திறக்கும். ஸ்டீயரிங் பம்பின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், தெளிவாகச் சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் நுரைத்த காப்பி மாதிரி இருந்தது, அதுவும் அடியில் கொஞ்சம்தான். விஷயம் எனக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதி உன் டாயில் மாமா வாயால் வர வேண்டியிருந்தது, அதுதான் கொடுமை. கோழித் தீவனம் கொடுக்க வந்தவன் எட்டிப் பார்த்தான். இந்த வண்டி ரொம்ப நாளா ஊளையிடுதே மச்சான், நீங்க காதுல என்ன வெச்சிருந்தீங்க என்றான். நம்ம கம்பெனி வண்டின்னா முனகத்தாண்டா செய்யும் என்றேன். சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். ரொவீனா, யோசித்துப் பார். நாம் வாங்குவது எப்போதும் அந்த ஒரே கம்பெனி வண்டிதான், நீ தொட்டிலில் இருந்தபோதிலிருந்து நம் வீட்டில் அப்படித்தான் சொல்லி வந்தோம். அந்தச் சத்தம் கேட்டால்தான் அப்பா வருகிறார் என்று உன் அம்மா ரொட்டியை அடுப்பில் வைப்பாள். இந்தப் பள்ளத்தில் நம் கம்பெனி வண்டி வைத்திருக்கிறவன் எவனும் அந்த முனகலை நோய் என்று நினைத்ததில்லை, குலப் பெருமை என்று நினைத்தான். பம்ப் ஒழுகி, காற்றைக் குடித்து, செத்துக்கொண்டே கத்தியிருக்கிறது, நாங்கள் பாட்டு கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறோம். பலகையில் முட்டுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை என்னோடு கடைக்கு வந்தபோது ரான்டலும் கேட்டான், இன்னைக்கு நல்லா பாடுதுப்பா என்று சிரித்தான். அவன் காதைப் பற்றி நீ யாருக்கும் போன் போடவில்லை.

இது உனக்கும் புரிய வேண்டும், அதனால் சொல்கிறேன். என்ஜின் பெல்ட் வழியாகப் பம்பைச் சுற்றுகிறது. பம்ப் ஆயிலை அழுத்தி ஸ்டீயரிங் பெட்டிக்குள் தள்ளுகிறது. நீ சக்கரத்தைத் திருப்பும்போது உன் கையோடு சேர்ந்து அந்த ஆயிலும் தள்ளுகிறது, அவ்வளவுதான். வேகமாகப் போகும்போது என்ஜின் வேகமாகச் சுற்றும், கிழட்டுப் பம்பும் ஒப்பேற்றிவிடும். மெதுவாகத் திரும்பும் இடத்தில் என்ஜின் தணியும், ஆயில் சூட்டில் தண்ணீராக இருக்கும், உள்ளே தேய்ந்துபோன தகடுகளுக்கு அதை அழுத்தத் தெம்பு இருக்காது. அதனால்தான் நெடுஞ்சாலையில் ஒன்றும் தெரியாமல் ஓடைத் திருப்பத்தில் மட்டும் கல்லாயிற்று. தளர்ந்தது பம்ப். இதை என்னிடம் கேட்டிருந்தால் நான் அன்றைக்கே, ஸ்டீயரிங் இறுகியது என்று சொல்லியிருப்பேன். கேட்காமலே நான் ரான்டலிடம் சொல்லவும் சொன்னேன், அவன் உன்னிடம் அப்பா ஏதோ சாக்கு சொல்றாரு என்று சொன்னானாம்.

அதே மாதிரி பம்ப் வாங்கிப் போட்டா அதே மாதிரிதான் அழும், எங்க கம்பெனி பம்ப போடுங்க, என்ஜின் தூங்கினாலும் அது தூங்காது என்றான் டாயில். அவன் கொட்டகைக்குப் பின்னால் முன்பக்கம் நசுங்காமல் பின்பக்கம் நசுங்கிக் கிடக்கிற அந்தச் சாம்பல் நிற வண்டி உனக்கு நினைவிருக்கும். அந்தப் போட்டிக் கம்பெனியின் பெயரை நம் வீட்டில் யாரும் வாயால் சொன்னதில்லை, மாமா வண்டி என்றுதான் சொல்வோம். அந்தக் கம்பெனியின் பம்ப் என் பானெட்டுக்குள்ளா என்று பானெட்டை அறைந்து மூடினேன். ஆனால் செவ்வாய்க்கிழமை வந்துகொண்டிருந்தது. என்ன விலை என்று கேட்டேன். காசெல்லாம் எதுக்கு மச்சான், இப்பதான் எழுதப் படிக்கத் தெரியுமே, எங்க கம்பெனி பேர உங்க கையால எழுதிக் குடுங்க போதும் என்று ஒரு பலகையையும் தச்சர் பென்சிலையும் நீட்டினான். இத்தனை வருடம் அவன் காத்திருந்தது இதற்குத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். அதிலும் தப்பாம். நான் ஒலிக்கிறபடி எழுதினேன், கடைசியில் வாய்க்கு வராத எழுத்து ஒன்று இருக்கிறதாம். வாய்க்கு வராத எழுத்தைப் பெயரில் சுமந்துகொண்டு திரிகிற கம்பெனி அது. பரவால்ல மச்சான், தப்பா இருந்தாதான் நீங்க எழுதினதுன்னு ஊர் நம்பும் என்று அந்தப் பலகையை அவன் வீட்டு வாசலில் அறைந்துவிட்டான். போகிறவன் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறான்.

பம்ப் மாற்றுவது ரான்டல் சொல்வது மாதிரி இரண்டு போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற வேலை இல்லை. அவன் வண்டிப் பம்ப், பம்பைப் பிடித்து நிறுத்தும் என் வண்டித் தாங்கியில் உட்காராது, அவன் தாங்கியை அறுத்துத் துளை போட்டு வாஷர் கொடுத்து நிறுத்தினோம். பெல்ட் ஓடுகிற பம்பின் புல்லியும் என்ஜினின் புல்லியும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், நேரான பலகையை இரண்டின் முகத்திலும் வைத்துப் பார்த்தேன், இம்மி விலகினாலும் பெல்ட் ஒரு வாரத்தில் தன்னைத் தானே தின்றுவிடும். டாயில் புல்லியைச் சுத்தியலால் தட்டிக் கழற்றப் போனான். தட்டினேன்னா உன் மண்டையில தட்டுவேன் என்றேன், அடி உள்ளே தண்டு வழியாகப் போய்ப் பம்பின் குடலைக் கலக்கிவிடும். முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கழற்றும் கருவியைக் கடன் வாங்கி வந்தான். அப்புறம் ஆயில் போகிற ஹோஸ். என் ஹோஸின் மூக்கு கூம்பாக இருக்கிறது, அவன் பம்பின் வாய் ரப்பர் வளையம் கேட்கிறது. பார்க்க ஒரே அளவு, சில சுற்று ஏறியும் விட்டது, இவன் இன்னும் முறுக்கு இன்னும் முறுக்கு என்று முறுக்கி மரையைக் கெடுக்கப் பார்த்தான். டவுனில் ஒரு முனை அப்படியும் ஒரு முனை இப்படியும் புதிய ஹோஸ் செய்து வாங்கி வர வைத்தேன். அவன் மனைவி எங்கள் சத்தம் கேட்டு வந்து, ரெண்டு பேரும் பம்பு மாட்டுறீங்களா, பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்குறீங்களா, இவ்ளோ சண்டை போடுறீங்க என்று கேட்டுவிட்டுப் போனாள்.

முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, ஆயில் ஊற்றி, என்ஜினை எழுப்பாமலேயே நான் ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்ப, டாயில் குமிழி அடங்குகிற வரை பார்த்துப் பார்த்து ஊற்றினான். அதற்குமேல் என்ஜின் ஓட வேண்டும், சாவி வேண்டும். ரெண்டு ஒயர சேத்தா ஓடிடும் மச்சான், சாவி எதுக்கு என்றான் டாயில். என் வண்டியை நானே திருடுவதா. முடியாது என்றேன். சனிக்கிழமை வரை ஜாக்கியிலேயே நின்றது.

சனிக்கிழமை ரான்டல் வந்தான். மான் வேட்டைக்குப் போகிற உடுப்பில் வந்தான், ஒன்றும் கிடைக்கவில்லை. சாவியை என்னிடம் தரவில்லை, அவனே ஏறி உட்கார்ந்து என்ஜினை எழுப்பினான். சத்தமே இல்லை. முனகல் இல்லை, ஊளை இல்லை. ஓடுதா என்று மார்லா சமையலறையிலிருந்து கேட்டாள். ஜாக்கியை இறக்கினோம். நின்ற இடத்தில், என்ஜின் தணிந்திருக்கும்போது, அவன் ஒரு விரலால் திருப்பினான், சக்கரம் திரும்பியது. இன்னொரு முறை திருப்பினான். அவன் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதற்காகத்தான் இவ்வளவு பாடுபட்டேன். எனக்கு அது அளவுக்கு மீறி லேசாக இருந்தது, சாலையில் கை அசைந்தாலே வண்டி அலையும், அதனால் ஹோஸ் வாய்க்குப் பின்னால் இருக்கிற சிறிய வால்வை மாற்றி ஆயில் வேகத்தைக் குறைத்த பிறகுதான் விட்டேன். அப்புறம் ரான்டலைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நானே ஓட்டினேன், ஓடைப் பாலத்தில் போகும்போதும் வரும்போதும் திரும்பினேன். சர்ச் பலகை அப்படியே இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் சாவியை எடுத்து என் சட்டைப்பையில் போடப் போனேன். கையை நீட்டினான். அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேம்பா என்றான்.

எனக்கு எழுபத்துநாலு வயது. என் வண்டிச் சாவிக்கு ஆங்கரேஜில் உத்தரவு வாங்க வேண்டும். டாயில் பக்கத்தில் நின்றான், அவன் கூடச் சிரிக்கவில்லை. ஏண்டா, அவரு ஓட்டினத நீதானே பக்கத்துல உக்காந்து பாத்த என்று என் பக்கம் பேசினான். எனக்காக அவன் பேசுகிற நிலைமைக்கு நீங்கள் என்னைக் கொண்டு வந்துவிட்டீர்கள். சாவியைக் கொடுத்துவிட்டேன். பிடுங்கிச் சண்டை போட எனக்குத் தெரியாமல் இல்லை, அவன் என் மகன், அவன் உன்னை மதிக்கிறான், அது கெட்ட விஷயம் இல்லை.

இப்போது நான் சொல்லப்போவதை யாரிடமும் சொன்னதில்லை, கவனமாகப் படி. இந்தக் கோடைக்குப் பிறகு பொழுது சாய்ந்தால் எனக்குச் சாலையின் வெள்ளைக் கோடு தெரிவதில்லை. எதிரில் விளக்கு வந்தால் கோடும் இல்லை, ஓரமும் இல்லை. அதனால் வகுப்பைக் காலைக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டேன், இருட்டில் வண்டியைத் தொடுவதே இல்லை. இனியும் தொடமாட்டேன். அப்பா, உங்களுக்கு எங்கே முடியல என்று நீ ஒரு தடவை கேட்டிருந்தால், கையில் ஒன்றும் இல்லை, கண்ணில் இருக்கிறது என்று உனக்குச் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. இல்லாத குறையைக் கண்டுபிடித்து, இருக்கிற குறையைத் தவறவிட்டாய். அடுத்த மாதம் கண் டாக்டரிடம் போகிறேன், பகலில்தான் நேரம் வாங்கியிருக்கிறேன், நானே ஓட்டிப் போவதாக இருக்கிறேன்.

கோபம் இன்னும் தீரவில்லை, ஆனால் தாள் தீர்ந்துகொண்டு வருகிறது. உன் வண்டி புதியது, அதிலும் ஸ்டீயரிங் ஆயில் இருக்கிறதா என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல். அந்தக் குளிரில் என்ஜின் சூடாகும் முன் ஸ்டீயரிங்கைக் கோடி வரை திருப்பி அழுத்திப் பிடிக்காதே, பம்ப் வெடிக்கப் பார்க்கும். வண்டி ஏதாவது புதிய சத்தம் போட்டால் பாட்டு என்று நினைத்துவிடாதே. மார்லா உலர்த்திய ஆப்பிளில் அடுக்குக் கேக் செய்தாள், உனக்கு அனுப்பினால் வழியில் கெட்டுவிடும் என்று நாங்களே தின்றுவிட்டோம். ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் எந்தப் பனியிலும் சறுக்காமல் காக்கட்டும். கோபமாக எழுதினாலும் நீ என் தலைப் பிள்ளை.

பதிலை ரான்டலுக்குப் போனில் சொல்லாதே. எனக்கு எழுது, என் பெயருக்கு எழுது, இந்த வீட்டில் இனி யாரும் எனக்குக் கடிதம் படித்துக்காட்ட வேண்டியதில்லை. எழுத்துக்களைத் தனித்தனியாகப் பெரிதாக எழுது, உன் அம்மா மாதிரி ஒன்றோடு ஒன்று கோத்து எழுதிவிடாதே. கோத்து எழுதுவதை நான் இன்னும் படிக்கவில்லை. அதை நேப்பியர் டீச்சர் வருகிற செவ்வாயிலிருந்துதான் சொல்லித்தரப் போகிறாள், போய்ப் படிக்கச் சாவி வேண்டும்.

உன் அப்பா,
ஹோபர்ட் ஸ்லோன்